நிலாவெளியில் நாங்களே கல் கட்டுறம்: கலவை அளவு?

புதுக்காணி: கடற்கரையிலிருந்து அரை மைல், மணல் தரை. நானும் மனுசியும் மட்டும்தான். 6 அங்குலச் சீமெந்துக் கல். காணி மணலையே பாவிக்கலாமோ?

தூக்குக்குண்டு: வேண்டாம். உப்பு இருந்தால் கம்பி துருப்பிடிக்கும், பூச்சு பொருமி உதிரும். ஆற்று மணல் எடுங்கோ. அதுவும் மகாவலி கொட்டியாரக்குடாவில விழுற முகத்துவாரப் பக்கம் அள்ளினதெண்டால் உப்புத்தான். கல் கட்ட 1:5, ஒரு பங்கு சீமெந்துக்கு அஞ்சு பங்கு மணல். ரெண்டு பேருக்கு ஒருதரம் அரை மூட்டை சீமெந்து, 25 கிலோ, குழைச்சால் காணும். தண்ணி விட்டு ஒரு மணித்தியாலத்துக்குள்ள முடியுங்கோ. இறுகினதுக்குத் திரும்பத் தண்ணி ஊத்திக் குழைச்சால் பிடிமானம் போயிடும்.

கரண்டி: செங்கல் மாதிரி இந்தக் கல்லை ஊறப்போடாதேங்கோ. காயேக்க சுருங்கிச் சுவர் வெடிக்கும். நாளுக்கு 5 வரிக் கல், அதுக்கு மேல ஆசைப்பட்டால் அடிச்சாந்து பிதுங்கும். கட்டின சுவருக்கு 7 நாள் தண்ணி அடியுங்கோ.

புதுக்காணி: கதவு, யன்னலுக்கு மேல வாற லிண்டலுக்கும் 1:5 தானோ?

தூக்குக்குண்டு: ஐயோ, அது கொங்கிரீட்! சீமெந்து, மணல், சல்லி எண்ட கணக்கில, கடல் பக்கம் 1:2:4ஐ விட 1:1½:3 நல்லது, முக்கால் அங்குலச் சல்லி. கம்பிக்கு 2 அங்குலம் கவர், அதாவது கம்பியை மூடுற கொங்கிரீட், விடுங்கோ.

கரண்டி: ஐப்பசி மழைக்கு முன்னம் கூரை ஏறவேணும்.