புதுப்பிப்பு: மகனுக்கு அடையாள அட்டை எடுத்துவிட்டோம்

ஆட்டிசம் உள்ள எங்கள் ஆறு வயது மகனுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுக்கலாமா, "பிள்ளைக்கு முத்திரை குத்தாதீங்க" என்று மாமியார் தடுக்கிறாரே என்று முன்பு கேட்டிருந்தேன். அதன் தொடர்ச்சி இது.

எடுத்துவிட்டோம். மதிப்பீட்டு நாளன்று ஆஸ்பத்திரிக் கூட்டமும் சத்தமும் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காதில் ஹெட்போனை மாட்டி, வராந்தாவில் சுற்றும் ஃபேனைப் பார்க்க விட்டோம், அதனால்தான் தாக்குப்பிடித்தான். டாக்டர் அவனைவிட எங்களிடம்தான் அதிகம் கேட்டார்: எப்போது பேச ஆரம்பித்தான், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவானா, மற்ற பிள்ளைகளோடு சேருவானா. பழைய தெரபி ரிப்போர்ட் இருந்தால் மறக்காமல் கொண்டுபோங்கள்.

அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் இந்தப் பிள்ளைகளைப் பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். நடைமுறையில் மல்லுக்கட்டத்தான் வேண்டியிருக்கிறது. ஆனாலும் அட்டையோடு போய்ப் பேசும்போது தலைமையாசிரியரின் தொனியே வேறு. அப்புறம், ஆட்டிசம் போன்றவை உள்ளவர்களுக்கான மத்திய அரசின் மருத்துவக் காப்பீடான நிராமயாவுக்கும் விண்ணப்பித்திருக்கிறோம். வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, அதில் தெரபி செலவுக்கும் ஒரு பங்கு உண்டு.

விருந்தாளி வந்தால் அட்டையை பீரோவுக்குள் வைக்கச் சொல்கிறார் மாமியார். சரி, இருக்கட்டும். அவனுக்குப் பிடித்த மாதிரி தோசையை முக்கோணமாக மடித்துத் தருவதும் அவர்தான்.