அனுமதி கையில் இருந்தால் போதுமா? கேன் தண்ணீர், போர்வெல், பக்கத்துக் கிணறு

கணக்குப்பிள்ளை (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், கேரளா):
கேன் தண்ணீர் நிரப்பும் சின்ன நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். மூன்று பங்குதாரர்கள். கோடைக்கு முன்னால் இரண்டாவது போர்வெல்லிலும் மோட்டார் இறக்கலாமா என்று அடுத்த வாரம் கூடிப் பேசப் போகிறார்கள். நிலத்தடி நீர்த் துறை அனுமதி இருக்கிறது, பஞ்சாயத்து லைசன்ஸ் இருக்கிறது, ஆர்டரும் இருக்கிறது. ஆனால் ராத்திரி முழுக்க எங்கள் மோட்டார் ஓடினால், காலையில் தெற்கே காலனிக் கிணற்றில் வாளி தரை தட்டுகிறது. போன மார்ச்சில் நானே போய்ப் பார்த்தேன். கயிற்றை இரண்டு தடவை உலுக்கி வாளியைச் சாய்த்தால்தான் பாதி வாளி ஏறுகிறது, அதுவும் கலங்கலாக. கூட்டத்துக்குக் குறிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். வரவு செலவு மட்டும் எழுதினால் போதுமா, அந்தக் கிணற்றையும் எழுத வேண்டுமா?

செந்தில் (வேலந்தாவளம்):
எழுத வேண்டாம் என்பேன் அண்ணா. நானும் சின்னதாக ஒரு யூனிட் நடத்துகிறவன்தான். உங்கள் போர்தான் அந்தக் கிணற்றை வற்ற வைக்கிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? சுற்றிலும் தென்னந்தோப்பு, தோப்புக்குத் தோப்பு போர். அவர்களை யாராவது கேட்கிறார்களா? லைசன்ஸ் வாங்கி, வரி கட்டி, நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவனைத்தான் நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறோம். நீங்கள் நிறுத்தினால் அந்த ஆர்டர் வேறு ஆளுக்குப் போகும். அவன் இதே நிலத்தில்தான் தண்ணீர் எடுப்பான். எவ்வளவு எடுக்கலாம் என்று அரசு சொல்லட்டும், எல்லோருக்கும் ஒரே அளவு வைக்கட்டும், கட்டுப்படுகிறோம். ஒருத்தன் மட்டும் நியாயம் பார்த்து நஷ்டப்பட்டால் ஊருக்கு என்ன லாபம்?

நிர்மலா டீச்சர் (சித்தூர்):
செந்தில் தம்பி, கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில்தான் பிளாச்சிமடை இருக்கிறது. அங்கே நடந்ததை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. கோகோ கோலா ஆலைக்கு 2000-ல் பெருமாட்டி பஞ்சாயத்துதான் லைசன்ஸ் கொடுத்தது. எல்லாப் பேப்பரும் சரியாகவே இருந்தது. 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆதிவாசிகள். எரவாளர் சமூகத்து மயிலம்மா முன்னால் நின்றார். ஆலையில் மிஞ்சிய கசடை உரம் என்று சொல்லிப் பக்கத்து விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். அதில் நச்சு உலோகங்களான காரீயமும் காட்மியமும் இருப்பது 2003-ல் பரிசோதனையில் தெரிந்தது. யோசித்துப் பாருங்கள், அந்தக் கசடை வயலுக்கு அனுப்பலாம் என்று யாரோ ஒருவர் ஒரு மேஜையில் உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார். கழிவை அப்புறப்படுத்தும் செலவு மிச்சம் என்பது அவர் ஏட்டில் வந்திருக்கும். வயல்காரன் வரவில்லை. இங்கே கேள்வியே அதுதான்: முடிவெடுக்கிறவர்கள் முன்னால் இருக்கிற தாளில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை?

2010-ல் அரசு அமைத்த உயர்மட்டக் குழு நஷ்டத்தை 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்கிட்டது. இழப்பீட்டுக்குத் தீர்ப்பாயம் அமைக்க 2011-ல் சட்டசபை மசோதா நிறைவேற்றியும் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்கவில்லை. அரசு பார்த்துக்கொள்ளும் என்று விட்டால் இவ்வளவுதான் நடக்கும்.

செந்தில்:
டீச்சர், நீங்கள் சொன்னது என் பக்கத்துக்கும் சாட்சிதான். ஆலையை நிறுத்தியது யாருடைய மனசாட்சியும் இல்லை. 2003-ல் பஞ்சாயத்து லைசன்ஸைப் புதுப்பிக்க மறுத்தது, 2004-ல் வறட்சியைக் காட்டி மாநில அரசு தண்ணீர் எடுக்கத் தடை போட்டது. மக்கள் போராடினார்கள், அதிகாரம் உள்ளவர்கள் உத்தரவு போட்டார்கள். கம்பெனிக்காரர்கள் நல்லவர்களாக இருப்பார்கள் என்று நம்பியிருந்தால் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் விதியைக் கடுமையாக்குங்கள் என்கிறேன். தனி ஆளின் நல்லெண்ணத்தை நம்பி ஊர்த் தண்ணீரை விட முடியாது.

நிர்மலா டீச்சர்:
விதி வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? ஆனால் நீங்கள் சொன்ன உத்தரவுகளுக்குப் பிறகு வந்ததையும் பாருங்கள். 2005 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச் (இரண்டு நீதிபதிகள் அமர்வு) அந்த ஆலை தினம் 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. சட்டப்படி ஜெயித்தார்கள். அப்படியும் 2004 மார்ச்சில் மூடிய ஆலை மறுபடி முறையாக ஓடவே இல்லை. கோர்ட் கொடுத்த அனுமதியை ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. அதே 2005-ல் சித்தூர் வட்டாரத்தை நிலத்தடி நீர் அளவு மீறி எடுக்கப்பட்ட பகுதி என்று அரசே அறிவித்தது. அனுமதி வாங்குவது குறைந்தபட்சக் கடமைதான் தம்பி. அதற்கு மேல் எவ்வளவு பொறுப்பு எடுத்துக்கொள்வது என்பதை நிறுவனம் தானே யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வக்கீல் குமாஸ்தா (பாலக்காடு):
சட்டம் பற்றி ஒன்று சொல்கிறேன். 2013 கம்பெனிச் சட்டம் 166-ஆம் பிரிவு, இயக்குநர்கள் பங்குதாரர் நலனோடு தொழிலாளர், சமூகம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனையும் பார்க்க வேண்டும் என்கிறது. அதனால் லாபம் மட்டும்தான் சட்டம் சொல்லும் கடமை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது பதிவு செய்த கம்பெனிகளுக்கு. கணக்குப்பிள்ளை சார் வேலை பார்ப்பது மூன்று பேர் கூட்டாக நடத்தும் பார்ட்னர்ஷிப் என்றால் நேரடியாகப் பொருந்தாது.

அன்சாரி (வாணியம்பாடி):
ஆந்திர எல்லையில் இருந்து எழுதுகிறேன். பாலாற்றங்கரையில் தோல் பதனிடுகிற ஊர். செந்தில் சொல்கிற வாதத்தைத்தான் இங்கே ரொம்ப வருஷம் சொன்னார்கள்: நான் மட்டும் கழிவைச் சுத்தப்படுத்தினால் என் தோல் விலை ஏறும், பக்கத்து ஷெட்காரன் விற்றுவிடுவான் என்று. 1996-ல் உச்ச நீதிமன்றம் மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பு சொல்லி, தோல் ஷெட்டுகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. பல ஷெட்டுகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் காசு போட்டன. அதாவது, தனியாக முடியாது என்று சொன்னதைச் சேர்ந்து செய்ய முடிந்தது. எங்கள் பக்கம் ஆற்றோரக் கிணறுகள் உப்பாகிப் போன பிறகுதான் அது நடந்தது. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எத்தனை கேன் கம்பெனி இருக்கிறதோ அத்தனை பேரும் உட்கார்ந்து பேச முடியாதா?

காலனிப் பையன்:
இதே மாதிரி ஒரு காலனிதான் எங்களுடையது. அம்மா காலையில் நாலரைக்கு எழுந்து கிணற்றுக்குப் போகிறார், ஊறிய தண்ணீரை மற்றவர்கள் எடுப்பதற்குள் பிடிக்க வேண்டும் என்று. தோப்புக்காரர்களிடமும் கேட்கிறோம் செந்தில் அண்ணா, கேட்கவில்லை என்று சொல்லாதீர்கள். பஞ்சாயத்தில் மனு கொடுத்திருக்கிறோம். தோப்புக்காரர் தேங்காய் விற்கிறார், நீங்கள் தண்ணீரையே விற்கிறீர்கள். அதே தண்ணீரைக் கோடையில் நாங்கள் கேனில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

செந்தில்:
தம்பி, அம்மா படும் கஷ்டம் புரிகிறது. இதற்கு என்னிடம் பதில் இல்லை என்று நடிக்க மாட்டேன். அளந்து பார்க்கலாம் என்பதுதான் என் பதில். ஒரு வாரம் ராத்திரி மோட்டாரை நிறுத்தி, கிணற்றில் கயிறு விட்டுத் தினமும் மட்டம் குறிக்கட்டும். மறு வாரம் ஓட்டிக் குறிக்கட்டும். வித்தியாசம் தெரிந்தால் நானே இரண்டாவது போர் வேண்டாம் என்பேன். தெரியாமல் போனால் அந்த நிறுவனத்தின் மேல் பழி போடாதீர்கள்.

நிர்மலா டீச்சர்:
அளப்பது நல்ல யோசனை. ஆனால் காலனிக்காரர்களும் கூட நின்று அளக்க வேண்டும். அப்புறம், ஒரு வாரத்தில் தெரியாதது ஏப்ரலில் தெரியலாம். பாறை வெடிப்பில் ஓடுகிற தண்ணீர் கணக்குப் புத்தகம் மாதிரி மாதக் கடைசியில் முடிவதில்லை.

கணக்குப்பிள்ளை:
எல்லோருக்கும் நன்றி. குறிப்பில் கிணற்றைச் சேர்க்கிறேன். இன்னொன்றும் உறுத்துகிறது: விற்ற லிட்டர்தான் எங்கள் ஏட்டில் இருக்கிறது. தண்ணீரைச் சுத்தப்படுத்துகிற ஆர்.ஓ. மெஷின் கழித்து ஓடையில் விடுகிற உப்புத் தண்ணீர் எங்கேயும் எழுதப்படவில்லை. போரில் மீட்டர் வைத்து எடுத்த தண்ணீர், விற்ற தண்ணீர், விட்ட தண்ணீர் மூன்றையும் தனித்தனியாக எழுதப் போகிறேன். அளந்து முடியும் வரை இரண்டாவது மோட்டார் இறக்கக் கூடாது என்பது என் பரிந்துரை. பெரிய பங்குதாரர் ஒத்துக்கொள்வார் என்ற உறுதி எனக்கு இல்லை.

செந்தில்:
ஆர்டர் கைவிட்டுப் போனால் லோடிங் பையன்களின் சம்பளம் என்னாகும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள் அண்ணா. அவர்களும் முடிவெடுக்கிற அறையில் இல்லாதவர்கள்தான்.

காலனிப் பையன்:
அதையும் எழுதுங்கள். லோடிங் வேலைக்குப் போகிற பையன்கள் எங்கள் தெருவிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.