கட்டை கடிக்கிற குதிரைக்கு ஆட்டைத் துணைக்குக் கட்டலாமா?

சேரன்மாதேவிக்காரன்:
பந்தய வண்டிக்கென்று வாங்கிய ஆண்குதிரை. வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் தனியாக நிற்கிறான். தீவனத் தொட்டியின் விளிம்பில் முன்பல்லை ஊன்றி, கழுத்தை வளைத்து, ஏப்பம் மாதிரி சத்தத்தோடு காற்றை இழுக்கிறான். தொட்டி விளிம்பெல்லாம் அரிந்துவிட்டது, மேல்பற்களும் தேய்கின்றன. மிளகாய் அரைத்துப் பூசினேன், கதவுக் கட்டைக்கு மாறிக்கொண்டான். கூடவே ஒரு ஆட்டைக் கட்டினால் நிறுத்திவிடுவான் என்கிறார்கள். உண்மையா?

நாங்குநேரி அண்ணாச்சி:
தாராளமாகக் கட்டுங்கள் தம்பி. குதிரை கூட்டமாக வாழ்கிற சீவன், தனியாக நின்றால் மனசு கெட்டுப்போகும். எங்கள் மட்டக்குதிரை ராத்திரியெல்லாம் வாசலில் நின்று தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருக்கும். ஒரு பால்கன்னிக் கிடாயை உள்ளே விட்டோம். கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. முதலில் காதை மடக்கி முறைத்தது. அப்புறம் கிடாய் மேய்ச்சலுக்குப் போனால் கனைத்துக் கூப்பிடுகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டது, தலையாட்டமும் நின்றது. வெளிநாட்டுப் பந்தய லாயங்களிலேயே ஆடு வைத்திருக்கிறார்கள்.

அம்பை மேற்கு:
அண்ணாச்சி, உங்கள் குதிரைக்குப் பலித்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அது தலையாட்டுகிற குதிரை, தம்பியுடையது கட்டை கடிக்கிற குதிரை. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன்.

தலையாட்டம் பெரும்பாலும் தனிமையிலும் அடைபட்டுக் கிடப்பதிலும் வருவது. 2002-ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், லாயத்தில் கண்ணாடி மாட்டியதுமே குதிரைகளின் தலையாட்டம் வெகுவாகக் குறைந்தது. தன் உருவத்தைப் பார்ப்பதே அவற்றுக்குத் துணை போல ஆகியிருக்கிறது. கட்டை கடிப்பதன் வேர் பெரும்பாலும் தீவனத்தில் இருக்கிறது. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு 225 குட்டிகளை நான்கு வருடம் கவனித்தது. பால்குடி மறந்ததும் தானியத் தீவனம் கொடுக்கப்பட்ட குட்டிகளிடம் இந்தப் பழக்கம் உருவாகும் வேகம் நாலு மடங்கு.

குதிரையின் இரைப்பை நாள் முழுக்க அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அந்தப் புளிப்பைத் தணிக்கிற எச்சிலோ மெல்லும்போதுதான் ஊறும். வெளியில் மேய்கிற குதிரை நாளில் சுமார் 16 மணி நேரம் மெல்கிறது. நாம் காலையும் மாலையும் கொள்ளும் தவிடும் வைக்கிறோம், அரை மணியில் தொட்டி காலி. மிச்ச நேரம் வெறும் வயிற்றில் புளிப்பு. தம்பி, உங்கள் குதிரைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு புல் போடுகிறீர்கள்?

சேரன்மாதேவிக்காரன்:
கொள்ளு இரண்டு வேளை. சாயங்காலம் ஒரு கட்டு வைக்கோல். புல் எப்போதாவதுதான்.

அம்பை மேற்கு:
அங்கேதான் இருக்கிறது விஷயம். இந்த நிலையில் பத்து ஆட்டைக் கட்டினாலும் அவன் கட்டையைக் கடிப்பான்.

நாங்குநேரி அண்ணாச்சி:
அந்தக் காலத்து ஜட்காக் குதிரையெல்லாம் கொள்ளும் வைக்கோலும் தின்றுதானே ஓடியது? எல்லாம் கட்டையைக் கடித்ததா? துணையில்லாத குதிரைக்கு எத்தனை கட்டு புல் போட்டாலும் ஏக்கம் தீராது.

அம்பை மேற்கு:
ஜட்காக் குதிரை பகலெல்லாம் தெருவில் நடந்தது, ஸ்டாண்டில் நாலு குதிரையோடு நின்றது. இருபத்து நாலு மணி நேரமும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. வெளிநாட்டு உதாரணம் சொன்னீர்களே, 1930-களில் அமெரிக்காவில் ஓடிய சீபிஸ்கட் என்ற பந்தயக் குதிரைக்கும் முதலில் ஆட்டைத்தான் விட்டார்கள். ஆட்டைக் கவ்வி உலுக்கி வெளியே போட்டது. பிறகு பம்ப்கின் என்ற குதிரையைப் பக்கத்தில் வைத்தபோதுதான் அடங்கியது. குதிரைக்குச் சரியான துணை இன்னொரு குதிரைதான். ஒன்று மற்றதன் பிடரியடியைக் கடித்துச் சொறிந்துகொடுக்கும்போது நெஞ்சுத் துடிப்பே குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆட்டால் அதைச் செய்ய முடியாது.

முக்கூடல் கலா:
ஆட்டின் பக்கம் யாருமே பேசவில்லையே. நாங்கள் கன்னி ஆடு வளர்க்கிறவர்கள். ஆடும் கூட்டத்தில் வாழ்வதுதான், ஒற்றை ஆட்டைக் கொண்டுபோய் ஒரு உதையில் விலா உடைகிற இடத்தில் கட்டுவது பாவம். கயிறு போட்டுக் கட்டவே கூடாது, குதிரைக் காலில் சுற்றிக்கொள்ளும். இன்னொன்று: மூட்டையில் வரும் ஆட்டுத் தீவனம், கோழித் தீவனம் சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். ஆட்டுக்கு ஒன்றும் ஆகாது, குதிரை கொஞ்சம் தின்றாலே இதயம் நின்றுபோகும். ஒரே தொட்டியில் வைத்துவிடாதீர்கள்.

அம்பை மேற்கு:
கலா அக்கா சொன்னதைத் தம்பி கட்டாயம் மனதில் வைக்க வேண்டும்.

250 கிலோ குதிரைக்கு நாளைக்கு 4, 5 கிலோ காய்ந்த புல்லாவது வேண்டும், பச்சையாகப் போட்டால் அதைப்போல மூன்று நாலு மடங்கு. உங்கள் பக்கம் வாய்க்கால் கரையிலும் வயல் வரப்பிலும் அருகம்புல்லுக்குப் பஞ்சமில்லை. மருந்து தெளித்த வயலை ஒட்டி அறுக்காதீர்கள். புல்லை ஒரேயடியாக ஏற்றாமல் ஒன்றிரண்டு வாரத்தில் கூட்டி, கொள்ளைக் குறையுங்கள். வலையில் கட்டித் தொங்கவிட்டால் நின்று நிதானமாக இழுத்துத் தின்பான். பகலில் கொட்டகையை விட்டு வெளியே விடுங்கள். கழுத்துப் பட்டை போட்டு இறுக்காதீர்கள், அது பழக்கத்தைத்தான் தடுக்கும், வயிற்றுப் புளிப்பு அப்படியே இருக்கும். ஊறிப்போன பழக்கம் முழுசாகப் போகாமலும் இருக்கலாம். குறைந்தாலே அவனுக்கு நிம்மதி.

நாங்குநேரி அண்ணாச்சி:
புல் போடட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் இன்னொரு குதிரை வாங்க வசதியில்லாதவன் ராத்திரி அதைத் தனியாக விடுவதா? என் கிடாய் இன்னும் அங்கேதான் படுக்கிறது.

அம்பை மேற்கு:
தம்பி, முதலில் திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போய்ப் பல்லையும் வயிற்றையும் காட்டுங்கள். அதற்கு நடுவில் தரையைப் பிறாண்டிக்கொண்டு வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் அது வயிற்றுவலி. விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.