பிப்ரவரியில் தேனீப்பெட்டியைத் திறக்கலாமா?

குழித்துறைவாசி (கேள்வி):

வணக்கம். மார்த்தாண்டத்துக்கு அருகில், தாத்தாவிடம் அடுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றவன் நான். இப்போது கனடாவின் ஒண்டாரியோவில், டொராண்டோவுக்குக் கிழக்கே நண்பர் ஒருவரின் பண்ணையோரத்தில் அடை கட்டிய மரச்சட்டங்களை உருவி எடுக்கக்கூடிய இரண்டு லாங்ஸ்ட்ராத் பெட்டிகளில் இத்தாலியத் தேனீக்களை வளர்க்கிறேன். இது எனக்கு முதல் குளிர்காலம். செப்டம்பரில் சர்க்கரைப் பாகு கொடுத்தேன். ஆனால் பெட்டிகளை எடை போட்டுப் பார்க்கவில்லை. நவம்பரில் கறுப்பு உறை சுற்றி, வாயிலில் எலி புகாத தகடு பொருத்தினேன்.

நேற்று வெளியே மைனஸ் 12 டிகிரி. காதை வைத்துக் கேட்டபோது முதல் பெட்டியில் மெல்லிய இரைச்சல் இருந்தது; இரண்டாவதில் எதுவும் கேட்கவில்லை. இரண்டின் முன்னும் பனியில் முப்பது நாற்பது தேனீக்கள் செத்துக் கிடக்கின்றன, சுற்றிலும் மஞ்சள் கலந்த பழுப்புப் புள்ளிகள். எட்டு நாளுக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்க்காதவனுக்குத் தேனீ எதற்கு என்பார் தாத்தா. இப்போது திறந்து சட்டங்களைப் பார்க்கலாமா? பாகு வைக்கலாமா?

பனிக்காட்டான்:

சட்டத்தைத் தொடாதீர்கள். இந்தக் குளிரில் தேனீக்கள் அடைகளுக்கிடையே ஒரே திரளாக நெருங்கி, சிறகை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் நடுக்கி வெப்பம் உண்டாக்குகின்றன. ராணி முட்டையிடத் தொடங்கிவிட்டால் திரளின் நடுப்பகுதியை 35 டிகிரிக்கு ஒட்டி வைத்திருக்க வேண்டும். நீங்கள் ஒரு சட்டத்தை உருவினால் அந்தத் திரள் இரண்டாகப் பிளந்துவிடும். பனியில் கிடக்கும் பிணங்களைக் கண்டு கலங்க வேண்டாம். செத்தவற்றை இழுத்து வெளியே போட உள்ளே உயிருள்ளவை இருந்திருக்கின்றன என்றே பொருள். அந்தப் புள்ளிகள், வாரக்கணக்கில் மலத்தை அடக்கி வைத்திருந்த தேனீக்கள் இளவெயில் கண்ட நாளில் வெளியே பறந்து கழித்தவை.

பாகும் வேண்டாம். இந்தக் குளிரில் அதை அவை எடுக்க மாட்டா. உள்ளே ஈரம்தான் கூடும். ஈரம் மேல்மூடியில் படிந்து சொட்டுவது குளிரைவிடக் கொடியது. பின்பக்கத்தை ஒரு விரற்கடை தூக்கிப் பாருங்கள். இங்கே ஒரு பெட்டி குளிர்காலத்தைக் கடக்க ஏறக்குறைய 30 கிலோ தேன் வேண்டும். தூக்கும்போது இலகுவாக இருந்தால், காற்றில்லாத, பூஜ்ஜியத்தை ஒட்டிய ஒரு நண்பகலில் மூடியை மட்டும் திறந்து, சட்டங்களின் மேல் செய்தித்தாளை விரித்து, லேசாகத் தண்ணீர் தெளித்த வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டி, ஒரு நிமிடத்துக்குள் மூடிவிடுங்கள்.

என் முதல் ஆண்டுப் பெட்டி மார்ச்சில் பட்டினியால் செத்தது. திறந்தபோது, கைப்பிடி அளவுத் தேனீக்கள் அறைகளுக்குள் தலையை விட்டபடி வால் மட்டும் தெரியச் செத்திருந்தன. இரண்டு சட்டம் தள்ளி மூடி முத்திரையிட்ட தேன் அப்படியே இருந்தது. குளிரில் அந்த நான்கு அங்குலத்தைக் கடக்க அவற்றால் முடியவில்லை.

ரப்பர்த்தோட்டம்:

தம்பி, நான் இன்றும் குமரி மாவட்டத்தில்தான் பெட்டி வைத்திருக்கிறேன். உங்கள் தாத்தா சொன்னது நம் ஊருக்குச் சரி. இங்கே ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் தேன் காலம். துளிரின் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரைத் தேனீ எடுக்கிறது. நமக்குப் பஞ்சம் தென்மேற்குப் பருவமழையில்; அப்போதுதான் பாகு. இன்னொன்றையும் கவனியுங்கள்: நம் அடுக்குத் தேனீ பசித்தால் பெட்டியை விட்டு ஓடிப்போகும், அதனால் அடிக்கடி திறந்து பார்த்தோம். இத்தாலியத் தேனீ அப்படி எளிதில் ஓடாது, இருந்த இடத்திலேயே சாகும்.

வெள்ளைப்பெட்டி:

பனிக்காட்டான் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இரண்டாவது பெட்டி இறந்திருந்தால் பட்டினியை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். தேனீயின் உடலில் ஒட்டி உறிஞ்சும் வர்ரோவா உண்ணியை ஆகஸ்டில் எண்ணினீர்களா? அரைக் குவளை அளவு, அதாவது ஏறக்குறைய 300 தேனீக்களை ஆல்கஹாலில் கழுவி எண்ணுவது வழக்கம். நூற்றுக்கு மூன்று என்றாலே ஆகஸ்டில் சிகிச்சை தேவை. உண்ணி உறிஞ்சிய புழுவிலிருந்து வரும் தேனீ, குளிர்காலத்தைக் கடக்க வேண்டிய ஆறு மாதம் தாக்குப்பிடிக்காது. குஞ்சு இல்லாத நவம்பரில் ஆக்சாலிக் அமிலம் இடுவதும் இதற்காகத்தான், ஏனெனில் மூடிய அறைக்குள் இருக்கும் உண்ணியை அது தொடாது.

பெட்டி செத்திருப்பது உறுதியானால் வாயிலை அடைத்துவிடுங்கள். இல்லையேல் முதல் வெயிலில் மற்ற கூட்டத்துத் தேனீக்கள் தேனைத் திருடி நோயையும் எடுத்துப் போகும். உயிரோடிருந்தால் ஆபத்து இனிமேல்தான்: குஞ்சு பெருகும் மார்ச்சில்தான் இருப்பு வேகமாகக் கரையும். வில்லோவும் மேப்பிளும் பூத்து, கால்களில் மகரந்தத்தோடு தேனீக்கள் திரும்பி, பகலில் 10 டிகிரி நிலைக்கத் தொடங்கிய பிறகு, சரிக்குச் சரி கரைத்த பாகு கொடுக்கலாம். சட்டம் உருவிப் பார்ப்பதை 15 டிகிரிக்கு விட்டுவையுங்கள்.

குழித்துறைவாசி:

உண்ணியை நான் எண்ணவில்லை. அது என் தவறு. இன்று மதியம் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தேன். முதல் பெட்டி அசையவில்லை. இரண்டாவது ஒரே கையில் எழும்பியது. மூடியைத் திறந்தபோது தேனீக்கள் சட்டங்களின் உச்சியிலேயே, ஒரு தேங்காய் அளவில், ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. ஒன்றிரண்டு மெதுவாக வயிற்றை உயர்த்தின. இரண்டு கிலோ சர்க்கரை வைத்து மூடினேன். மூடிய பிறகு காதை வைத்தேன், இப்போது கேட்கிறது.