மனமாரவா, மனமாறவா?

கேள்வி:
கல்யாண பேனருக்கு "மனமாற வாழ்த்துகிறோம்" என்று வரி வந்திருக்கிறது. "மனமார" என்று திருத்தினால், "பசியாற என்பதற்குப் பெரிய ற தானே, இதற்கும் அதுதான்" என்கிறார் எழுதியவர். எது சரி? "மனமார்ந்தப் பாராட்டுகள்" என்று ப் போடலாமா? இன்று மாலை அச்சுக்குப் போகிறது.

பதில் 1:
சின்ன ர தான், சந்தேகமே வேண்டாம். ஆர்தல் என்றால் நிறைதல். மனம் + ஆர, மனம் நிறைய. கண்ணார, வாயார, காதார, நெஞ்சார, உளமார எல்லாம் இதே வார்ப்புதான். "கண்ணாரக் கண்டபின்" என்று குறளிலேயே (1265) இருக்கிறது.

பெரிய ற போட்டால் மனம் + மாற என்றும் பிரியும், மனம் + ஆற என்றும் பிரியும். ஒன்று மனம் மாறுவது, மற்றது துக்கம் தணிவது. மணமக்கள் பெயருக்கு மேலே இரண்டுமே வரக்கூடாது.

அவர் சொல்லும் "பசியாற" சரிதான். பசி ஆறும், அதாவது தணியும். இளைப்பாறுவதும் அப்படித்தான். ஆனால் வயிறு நிறைகிறது, அதனால் "வயிறார". தணிந்தால் ற, நிறைந்தால் ர என்று பிரித்துப் பாருங்கள், குழப்பம் வராது.

பதில் 2:
ப் வேண்டாம். "மனமார்ந்த" பெயரெச்சம், அதற்குப் பின் வல்லினம் மிகாது: மனமார்ந்த பாராட்டுகள். "மனமார" வினையைத் தழுவுவது, அங்கே மிகும்: மனமாரப் பாராட்டுகிறோம். வாழ்த்துக்கு வ வருவதால் ஒற்றுக்கே இடமில்லை. "மனமார்ந்த வாழ்த்துகிறோம்" என்றும் பேனர்களில் பார்க்கிறோம். பெயரெச்சத்துக்குப் பின் வினை நிற்காது, வாழ்த்துகள் என்று முடிக்க வேண்டும்.

பதில் 3:
பேச்சில் "மனசார" என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. "மனசார யாருக்கும் கெடுதல் நினைச்சதில்லை" என்றால் தெரிந்தே, வேண்டுமென்றே நினைத்ததில்லை என்று அர்த்தம். பதவியேற்பில் "உளமார உறுதி கூறுகிறேன்" என்பது ஆண்டவன்மேல் ஆணையிடாதவர்கள் சொல்வது. அங்கே அந்தச் சொல்தான் சத்தியத்தின் கனத்தைத் தாங்குகிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இரங்கல் பலகைக்கும் "மனமார்ந்த" போடலாமா?

பதில் 3:
இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் வாழ்த்து, நன்றி, பாராட்டு என்று மகிழ்ச்சியோடே பழகிய சொல் அது, துக்க வீட்டில் காதில் இடறும். "ஆழ்ந்த இரங்கல்" என்று போடுங்கள்.