சைனஸ் லிப்ட்: அம்மாவுக்கு மாட்டெலும்புத் தூள் வேண்டாம், வேறு வழி உண்டா?

ஹட்டன் மகள்:
அம்மாவுக்கு 61 வயது, முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். வலது மேல் கடைவாயில் இரண்டு பல் போய்ப் பத்து வருஷமாகிறது. கழற்றி மாட்டும் பல் செட் ரொட்டி மென்றால் ஆடுகிறது. சாப்பிட உட்கார்ந்ததும் அதைக் கழற்றி டம்ளரில் போட்டுவிடுவார். இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) வைக்கலாம் என்று கண்டியில் ஒரு டொக்டரிடம் காட்டினோம். ஸ்கேன் பார்த்துவிட்டு, சைனஸுக்கு, அதாவது மேல் கடைவாய்க்கு மேலே உள்ள காற்றறைக்கு, கீழே எலும்பு 3 மில்லிமீற்றர்தான் இருக்கிறது, முதலில் எலும்புத்தூள் வைத்து உயர்த்த வேண்டும், அதுதான் சைனஸ் லிப்ட் என்றார். விலைச் சீட்டில் ‘பயோ-ஒஸ்’ என்று இருந்தது. வீட்டுக்கு வந்து தேடினால், அது மாட்டெலும்பு.

அம்மா தோட்ட லய வீட்டுக்குப் பின்னால் லெட்சுமி என்று ஒரு பசு வளர்த்தார். அதன் பால் விற்ற காசில்தான் நாங்கள் கொப்பி வாங்கினோம். சொல்லாமலே வைத்துவிடலாம் என்கிறார் அண்ணன். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேறு தூள் வைத்தால் இம்ப்ளான்ட் நிற்குமா?

பண்டாரவளை:
சொல்லிவிடுங்கள் தங்கச்சி. வாய் அவருடையது. எனக்குச் செயற்கைத் தூள்தான் வைத்தார்கள். எட்டு மாதம் கழித்து இம்ப்ளான்ட் போட்டு, இப்போது மூன்று வருஷம், உறுதியாக இருக்கிறது. தூளைவிட என்னைப் பாடாய்ப்படுத்தியது தடிமன்தான் (சளி). பனி நேரத்தில் செய்துகொண்டேன். இரண்டு வாரம் மூக்குச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்தே தும்ம வேண்டும். அம்மாவுக்கு வெயில் மாதமாகப் பாருங்கள்.

பல் வைத்தியர், நாவலப்பிட்டி:
நிற்கும். எந்த வகைத் தூள் வைத்தாலும் இம்ப்ளான்ட் நிலைப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. மாட்டெலும்பை நாங்கள் அதிகம் எடுப்பதற்குக் காரணம், அது மிக மெதுவாகக் கரையும், உயர்த்திய உயரம் இறங்காது. புரதமெல்லாம் நீக்கிய வெறும் கனிமம் அது. ஆனால் அம்மாவின் மனசுக்கு அந்த விளக்கம் போதாது என்று எனக்குப் புரிகிறது.

செயற்கைத் தூளில் இரண்டு சரக்கு உண்டு. பீற்றா ட்ரைகல்சியம் பொஸ்பேற் சீக்கிரம் கரைந்து சொந்த எலும்புக்கு இடம் விடும். ஹைட்ரொக்சி அபடைற் கரையாமல் தாங்கும். ஹைட்ரொக்சி அபடைற் 60, மற்றது 40 என்று கலந்து வருவதைக் கேளுங்கள். 1980இல் பல் வைத்தியர்களான பொய்னும் ஜேம்ஸும் இந்தச் சிகிச்சையைப் பற்றி எழுதியபோது நோயாளியின் இடுப்பெலும்பையே வைத்தார்கள். அம்மாவுக்கு அந்த வலி தேவையில்லை.

பலரும் கேட்க மறப்பது ஒன்று: தூள் வைப்பதற்காக எலும்பின் பக்கவாட்டில் திறந்த சன்னலை மூடும் கொலாஜன் (விலங்குப் புரதம்) சவ்வும் பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டிலிருந்துதான் வருகிறது. அதற்குப் பதில் அம்மாவின் கையிலிருந்தே இரத்தம் எடுத்துச் சுழற்றினால் மஞ்சள் ஜெலி மாதிரி பைப்ரின் என்ற, இரத்தத்தை உறையவைக்கும் புரதம் திரளும். அதை அழுத்தித் தட்டையாக்கி மூடலாம். உள்ளே சைனஸின் சவ்வு முட்டை ஓட்டுக்குள் ஒட்டியிருக்கும் தோல் போல மெல்லியது. அது கிழியாமல் தூக்கும் கைதான் தூளைவிட முக்கியம். புகையிலை போட்டு வெற்றிலை மெல்பவரா? இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள்.

ஹட்டன் மகள்:
நேற்று இரவு அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “செயற்கைத் தூளே வைக்கச் சொல்லு. மூடுறதுக்கு என் இரத்தத்தையே எடுக்கட்டும்” என்றார். காலையில் வெற்றிலைப் பெட்டியிலிருந்த புகையிலையைப் பக்கத்து வீட்டு ஆயாவிடம் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை கண்டிக்குப் போகிறோம். சன்னலை மூடும் சவ்வைப் பற்றியும் கேட்க எழுதி வைத்திருக்கிறேன்.