லத்தீன் வேற்றுமை: ‘ஐ’யைப் பார்த்து ஏமாந்துவிட்டேன்

கேள்வி:
லத்தீன் படிக்கத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. பயிற்சியில் ‘புவெல்ல நௌதை ரொஸம் தத்’ என்று ஒரு வாக்கியம். புவெல்ல பெண், நௌத மாலுமி, ரொஸ ரோஜா, தத் கொடுக்கிறாள். நௌதையில் ‘ஐ’ இருக்கிறதே, நம் இரண்டாம் வேற்றுமைதான் என்று நம்பி, ‘பெண் மாலுமியை ரோஜாவுக்குக் கொடுக்கிறாள்’ என்று எழுதிவிட்டேன். பாவம் மாலுமி. அட்டவணையைப் பார்த்தால் நௌதை பல இடத்தில் வருகிறது. எதை எடுத்துக்கொள்வது?

பதில் 1:
நானும் அதே ‘ஐ’யில் வழுக்கியவன்தான். செயப்படுபொருளைக் காட்டுவது ரொஸம் என்பதில் உள்ள ‘ம்’. நௌதை என்பது ‘மாலுமியின்’, ‘மாலுமிக்கு’, ‘மாலுமிகள்’ மூன்றுக்கும் ஒரே வடிவம். வினையிடம் கேளுங்கள். தத் ஒருமை, ஆகவே மாலுமிகள் எழுவாயாக முடியாது. கொடுத்தால் யாருக்கு என்று கேட்கத் தோன்றும், அதனால் ‘மாலுமிக்கு’. ‘மாலுமியின் ரோஜாவை’ என்று படிக்கவும் இலக்கணம் இடம் தரும். அங்கே முன்பின் வாக்கியம்தான் துணை.

மரத்தை, மரங்களை, அரசனை என்று நம் உருபு எங்கேயும் மாறாது. லத்தீனில் வேற்றுமையும் ஒருமை பன்மையும் சேர்த்துப் பிசைந்த மாவு, அதுவும் ஐந்து வகைப் பெயர்களுக்கு ஐந்து விதமாக. அப்புறம், இரண்டாம், மூன்றாம் என்ற வேற்றுமை எண்ணை வைத்து இரு மொழிகளையும் பொருத்தாதீர்கள். நம் ‘ஆல்’, ‘இருந்து’, ‘இல்’ மூன்றின் வேலையையும் பெரும்பாலும் அப்லேட்டிவ் என்ற ஒரே வேற்றுமை பார்க்கும்: க்ளதியோ என்றால் வாளால், ரோமா என்றால் ரோமிலிருந்து.

பதில் 2:
தமிழ் எழுத்தில் குறிப்பெடுங்கள், குறிலும் நெடிலும் தெளிவாகத் தெரியும். ரொஸ எழுவாய், ரொஸா அப்லேட்டிவ். நெடில் குறி போடாத புத்தகங்களில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அகராதியில் ‘ரேக்ஸ், ரேகிஸ்’ (அரசன், அரசனின்) என்று இரண்டு வடிவம் தருவார்கள். மற்ற வேற்றுமைகளுக்கான அடி இரண்டாவதில்தான் தெரியும், அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்; மரம் ‘மரத்து’ ஆன பிறகுதானே நாமும் உருபு சேர்க்கிறோம்?

கேட்டவர்:
சரி, புரிகிறது. இன்று ‘மிஹி எஸ்த் ஃப்ராதெர்’ வந்தது. ஆங்கில விளக்கம் அரைப் பக்கம் ஓடுகிறது. ‘எனக்குச் சகோதரன் இருக்கிறான்’, அவ்வளவுதானே?

பதில் 1:
அவ்வளவேதான். அந்த அரைப் பக்கத்தைத் தாண்டிவிடுங்கள்.